பெரிய சுற்று

சின்னதா பெரிசா என்று கோமு கேட்டபோது சின்னது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சோலி முடிந்திருக்கும். கார் நிறுத்துகிற இடத்து ஓரத்தில் ஒரு பலகை, அதில் ரெண்டு கோடு. மஞ்சள் கோட்டில் போனால் சதுப்பு நிலத்தை மரப்பாதையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அரை மணியில் வந்துவிடலாம். சிவப்புக் கோடு மேட்டில் ஏறி, ரெண்டு குளத்தை வளைத்து, காட்டுக்குள் நுழைந்து, கடைசியில்தான் சதுப்பில் இறங்குகிறது. ஆறரை கிலோமீட்டர். "மஞ்சள்லயே போவோம்ப்பா. உங்களுக்கு முடியணும்ல" என்றாள் மகள். முடியணும்ல. அந்தச் சொல் சங்கரபாண்டியனுக்குச் சுருக்கென்றது. "ஏன், எனக்கென்ன? செகப்புலயே போவோம்" என்று சொல்லிவிட்டு, அவள் பதில் பேசுவதற்குள் நடக்கவும் ஆரம்பித்துவிட்டார். எழுபத்தொரு வயசு. வலது முட்டியில் மார்ச் மாதத்திலிருந்து வீக்கம். காலையில் மகளுக்குத் தெரியாமல் தைலம் தேய்த்து, வாடை வராமலிருக்க மேலே பவுடர் போட்டு, பேண்ட்டை மாட்டிக்கொண்டு வந்திருக்கிற மனுஷன். வெள்ளிக்கிழமை ஊருக்குத் திரும்ப விமானம், இன்று ஞாயிறு. மாப்பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு, "நாம ரெண்டு பேரு மட்டும் போவோம்ப்பா, உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்று அவள் கூப்பிட்டதிலிருந்தே அவருக்குத் தெரியும், இன்றைக்குக் கேட்கப்போகிறாள். இங்கயே இருந்துருங்கப்பா. அவ்வளவுதான் அவள் சொல்ல வேண்டியது. போன மாதம் மாப்பிள்ளை கீழ்த்தளத்துக் குளியலறைச் சுவரில் எவர்சில்வர் கைப்பிடி ஒன்றைத் துளை போட்டு மாட்டினாரே, அது யாருக்காம்? வேண்டாம்மா என்று ரெண்டு தரம் சொல்லி, மூன்றாம் தரம் சரி உன் இஷ்டம் என்று சொல்வதாக அவர் முடிவுசெய்து வைத்திருந்தார். ஆனால் இருக்கப்போகிற கிழவன் பாரமாக இருக்கப்போகிறவன் இல்லை என்று அவளுக்குத் தெரியணும் இல்லையா. படுக்கையில் விழுந்து பீ மூத்திரம் அள்ளவைக்கிற ஆள் இல்லை இவன் என்று கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும். அதற்குத்தான் செகப்பு.

மேடு ஏற ஏற மூச்சு வாய்க்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு மூக்காலேயே விட்டார், மூக்கால் விடுகிற மூச்சுக்குச் சத்தம் குறைவு. கோமு முன்னால் போய்க்கொண்டே, இந்த மேடு சாதாரண மண்மேடு இல்லை, அந்தக் காலத்தில் பனிக்கட்டி மலை மலையாக நகர்ந்து வந்து கல்லையும் மணலையும் தள்ளிக்கொண்டுவந்து குவித்தது என்றாள். அது திரும்பிப் போகும்போது ஒரு பெரிய கட்டியை இங்கே விட்டுவிட்டுப் போய்விட்டதாம். அதை மண் மூடிக்கொண்டதாம். உள்ளேயே கிடந்து உருகி உருகிக் குழியாகி, குழியில் தண்ணீர் நின்று, இன்றைக்குச் சதுப்பு. "எப்ப?" என்றார். "பன்னெண்டாயிரம் வருஷம் இருக்கும்ப்பா." பன்னிரண்டாயிரம் வருஷமாக ஒருத்தரும் வந்து கூட்டிக்கொண்டு போகவில்லை. முப்பத்தொரு வருஷம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதி, விசில் ஊதி அனுப்பிய ஆளுக்கு நிமிஷம்தான் கணக்கு, வருஷம் பிடிபடாது. இந்த மேட்டுக்குப் பதினெட்டு நிமிஷம் ஆகியிருக்கிறது. அவளே கேட்கட்டும், நாமாகக் கேட்கக்கூடாது. மகன் வீடென்றால் கேட்கவே வேண்டாம், பெட்டியைக் கொண்டுபோய் வைத்தால் சரி. மகள் வீட்டில் அப்படி நடக்குமா. பொண்ணு வீட்டில் பாய் விரிக்கிற ஆளு நானில்லை என்று எத்தனை பேரிடம், எத்தனை டீக்கடையில், எத்தனை கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லியிருப்பார். கண்டக்டர் தவசி ரிட்டயராகி மகள் வீட்டு மாடியில் போய் ஒண்டிக்கொண்டபோது வீட்டோட மாப்பிள்ளை கேள்விப்பட்டிருக்கோம், வீட்டோட மாமனாரை இப்பத்தான் பாக்கோம் என்று சொல்லி மொத்த டிப்போவையும் சிரிக்கவைத்தவர் யார்? தவசியும் சேர்ந்துதான் சிரித்தான். அந்தப் பகடி தவசிக்காகப் பிறந்ததும் இல்லை. அதற்கும் முன்னால் சங்கரபாண்டியனைப் பார்த்தே நாலு பேர் சொன்னது. சரி, அது இப்போது எதற்கு. மேட்டில் ஏறியாச்சு, இறங்குவதைப் பார்ப்போம்.

இறக்கம்தான் எமன். ஏறும்போது முட்டி முனகும், இறங்கும்போது கத்தும். ஒவ்வொரு அடிக்கும் முட்டிச் சில்லுக்குள் ஒரு ஆணி இறங்கி ஏறியது. கோமு திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் நின்று மரத்தைப் பார்த்தார். எத்தனை மரத்தைத்தான் பார்ப்பது. "அது என்ன மரம்மா, மஞ்சளா நிக்கி?" என்று கேட்டால் அவள் சொல்லி முடிக்க ஒரு நிமிஷம் ஆகும், அந்த ஒரு நிமிஷம் கால் நிற்கும். ஊசி இலை மரம்தான், ஆனா இது மட்டும் குளிர் வந்ததும் மஞ்சளாகி எல்லா இலையையும் கொட்டிரும்ப்பா என்றாள். கொட்டட்டும். மார்ச் மாதம் பதினோராம் தேதி விடியக்காலை, ஊர் வீட்டுக் குளியலறையில், சோப்பு நுரையில் கால் வழுக்கி, வலது முட்டி தரையில் மடார் என்று அடித்ததே, அதை அவளிடம் அவர் சொல்லவில்லை. விழுந்தவர் எழுந்திருக்கவில்லை என்பதையும் சொல்லவில்லை. வாளியைப் பிடித்தால் வாளி வந்தது, குழாயைப் பிடித்தால் கை எட்டவில்லை. ஈரத் தரையில் அம்மணமாகக் கிடந்துகொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து கேட்கிற ஹாரன் சத்தத்தை எண்ணினார். ஆறு பத்து சாத்தூர். ஆறு நாற்பது கயத்தாறு. ஏழு அஞ்சு விளாத்திகுளம். ஒவ்வொரு வண்டியும் சரியான நேரத்துக்குப் போயிற்று, ஒருத்தருக்கும் அவரைத் தெரியவில்லை. பதினொன்றரை வரைக்கும் எண்ணினார். அப்புறம் எப்படியோ உருண்டு, நிலைப்படியைப் பிடித்து எழுந்து, லுங்கியைக் கட்டிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து அழுதார். சாயங்காலம் மகள் வீடியோவில் வந்தபோது என்னப்பா கண்ணெல்லாம் செவந்திருக்கு என்றாள். வெங்காயம் உரிச்சேன் என்றார். திரும்பவும் அந்த வீட்டுக்குள் தனியாகப் போய்ப் பூட்டிக்கொள்ள அவரால் ஆகாது. வெள்ளிக்கிழமை. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. கேளுட்டி, சீக்கிரம் கேளு.

"தண்ணி வேணுமாப்பா?" என்றாள். வேண்டாம் என்றார். தண்ணீர் என்றதும் அந்த டம்ளர் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. இத்தனை நாள் வராமல் இருந்தது, இந்தச் சனியன் பிடித்த காட்டில்தானா வரணும். கோமுவுக்கு ஏழு வயசு அப்போது. மாமியார் செத்த பிறகு மாமனார் ஆறுமுகநயினார் விளாத்திகுளத்திலிருந்து ஒரு மஞ்சள் பையோடு வந்து இறங்கினார், மகளைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று. பத்து நாள் ஆச்சு, இருபது நாள் ஆச்சு, போகிற வழியைக் காணோம். இருக்கட்டுமா என்று கேட்கவும் இல்லை, போகிறேன் என்று சொல்லவும் இல்லை. காலையில் எழுந்து யாரும் சொல்லாமலே குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பார், கோமுவைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவார், மிச்ச நேரம் சுவரோரமாக உட்கார்ந்து சங்கரபாண்டியனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சியம்மாளும் வாயைத் திறந்து கேட்கவில்லை, புருஷனுக்கு வழக்கத்தைவிட ஒரு தோசை கூடுதலாக வைத்தாள், அவ்வளவுதான். டீக்கடையில் அந்த வீட்டோட மாமனார் பேச்சு கிளம்பியது. சங்கரபாண்டியனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்றைக்கு ஒரு நாள், அரிசிச் சிப்பம் வந்து தெருவில் இறங்கியது, இருபத்தைந்து கிலோ. கடைப் பையன் வந்து தூக்குவான் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த அறுபத்தொன்பது வயசு மனுஷன் துண்டை உதறித் தலையில் சும்மாடு கட்டிச் சிப்பத்தை ஏற்றிக்கொண்டு இருபத்திரண்டு படி ஏறி மாடிக்கு வந்துவிட்டார். ஏன் தூக்கினார்? யார் தூக்கச் சொன்னது? இறக்கி வைத்துவிட்டு, பேச்சி கொடுத்த டம்ளரை ரெண்டு கையாலும் வாங்கி மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே குடித்தார். ரெண்டு கையால் வாங்கியதை மாப்பிள்ளைக்குக் காட்டுகிற மரியாதை என்றே சங்கரபாண்டியன் எடுத்துக்கொண்டார். சொல்வதற்கு ஒரு நல்ல வார்த்தையும் அப்போதுதான் கிடைத்தது. "பரவாயில்லையே மாமா, நல்லா திடமா இருக்கீங்க. உங்களுக்கென்ன, தனியாவே பத்து வருஷம் ஓட்டுவீங்க." கிழவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, கண் மட்டும் கீழே போயிற்று. "எனக்கென்ன மாப்ள" என்றார். மறுநாள் ரெண்டு பத்து விளாத்திகுளம் வண்டியில் ஜன்னலோரமாக இடம் பிடித்துச் சங்கரபாண்டியனே உட்காரவைத்தார். விசிலும் அவரேதான் ஊதினார். சரியாக ரெண்டு பத்துக்கு.

ஏன் தூக்கினார் என்றுதான் முப்பது வருஷமாகத் தெரியவில்லை. காட்டைத் தாண்டி மரப்பாதை ஆரம்பித்தது, பலகை மேல் கோழிக்கூண்டுக் கம்பி வலையை அடித்திருந்தார்கள், வழுக்காமல் இருக்க. கீழே தரை மாதிரி தெரிகிறதே, அது தரை இல்லையாம், தண்ணீர் மேல் மிதக்கிற பாசியாம். "இங்க பாருங்கப்பா" என்று கோமு ஒரு குதி குதித்தாள், பத்தடி தள்ளி நின்ற மரங்கள் தலையை ஆட்டின. பலகை அமுங்கி எழும்புகிற ஒவ்வொரு தடவையும் முட்டி தனியாகக் கழன்று போகிற மாதிரி இருந்தது. ஓரத்தில் கடுங்காப்பி நிறத்தில் தண்ணீர். அந்தத் தண்ணீரில் விழுந்தது எதுவும் லேசில் அழுகாதாம், புளிப்பு அதிகமாம், மரக்கட்டையெல்லாம் ஆயிரக்கணக்கான வருஷம் அப்படியே கிடக்குமாம். அட, அப்படியா. விளாத்திகுளத்தில் ஆறுமுகநயினார் செத்து மூன்று நாள் கழித்துத்தான் கதவை உடைத்தார்கள். வாசலில் மூன்று பால் பாக்கெட் கிடந்ததைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சந்தேகமே வந்தது. மே மாசம் வேறு. தூக்கிக்கொண்டு வரும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவர்களில் மாப்பிள்ளை சங்கரபாண்டியனும் ஒருவர். இந்தக் குட்டையில் விழுந்திருந்தாலாவது நாறாமல் இருந்திருப்பார் என்று மனசு தன்பாட்டுக்குச் சொன்னது, சொன்ன மனசை அவரே காறித் துப்பினார், துப்பியும் அது நிற்கவில்லை. சங்கரபாண்டியன் வீட்டில் பால் பாக்கெட்டும் இல்லையே. பேச்சி போன பிறகு பாலை நிறுத்தியாயிற்று, காப்பி டீ எல்லாம் கடையில்தான். அப்போ மூன்று நாளிலும் தெரியாது. பேப்பர்காரன் வாசலில் எறிந்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். ஒரு வாரம்? பத்து நாள்? கோமு வீடியோவில் கூப்பிட்டு, எடுக்கவில்லை என்றால் தூங்குகிறார் என்று நினைப்பாள். அப்பனைத் தகனம் பண்ணிவிட்டு வந்த அன்று பேச்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "விசில் நீங்கதான் ஊதுனீங்களோ?" ஆமாம் என்றார். அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷம், சாகிற வரைக்கும், அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. சோற்றை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள், அவர் தின்று முடித்த பிறகுதான் வெளியே வருவாள். திட்டியிருக்கலாம், பாவி மகள்.

பாதை ஓரத்தில் கோமு உட்கார்ந்து எதையோ காட்டினாள். செம்மண் நிறத்தில் குடுவை குடுவையாக ஒரு செடி, வாயைத் திறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு. உள்ளே கீழ்நோக்கி வளர்ந்த மயிர். பூச்சி உள்ளே நடந்து போகலாம், திரும்பி ஏறி வர முடியாது, செடி மெதுவாக அதைக் கரைத்துக் குடித்துவிடும். ஒரு குடுவையின் விளிம்பில் ஈ ஒன்று உட்கார்ந்து முன்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. உள்ளே இறங்கவும் இல்லை, பறந்து போகவும் இல்லை. "பாவம்ப்பா, ஓட்டி விடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து நடந்தாள். ஓட்டத்தான் குனிந்தார், கோமுவின் அப்பா. குனிந்தபோது முட்டியில் சுள்ளென்று ஏறியது. அந்த வலியில் அவருக்கு எல்லார் மேலும் ஆத்திரம் வந்தது, இந்த ஈ மேல் ரொம்பவும் வந்தது. போறதானா போ, இல்ல இருக்கேன்னு சொல்லு, எதுக்கு விளிம்புலயே உக்காந்து மூஞ்சியப் பாக்க. சுண்டுவிரலால் ஒரு தட்டு. ஈ உள்ளே விழுந்தது, ரெண்டு தடவை ஏறப் பார்த்தது, சறுக்கியது. பறந்துருச்சு என்று மகளிடம் சொன்னார். நல்ல வேலைப்பா என்றாள். இந்தக் கேவலத்தைச் செய்துவிட்டு மிச்ச ஒரு கிலோமீட்டரையும் அவர் நிமிர்ந்து, கை வீசி, ஒரு இடத்திலும் நிற்காமல் நடந்தார். வலி முட்டியிலிருந்து இடுப்புக்கு ஏறி, இடுப்பிலிருந்து பல்லுக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். ரெண்டு மணி நாற்பது நிமிஷம். எழுபத்தொரு வயசில் எவன் நடப்பான்.

காருக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெஞ்சு. அவள் உட்காரச் சொன்னாள், அவர் நின்றார். உட்கார்ந்தால் எழுந்திருப்பது சந்தேகம், அதை அவள் பார்க்கக்கூடாது. "அப்பா, ஒண்ணு சொல்லணும்னு சொன்னேன்ல" என்று கோமு ஆரம்பித்தாள். சங்கரபாண்டியன் வேண்டாம்மா என்ற முதல் தரத்தை நாக்கு நுனியில் எடுத்து வைத்துக்கொண்டார். "நாலு மாசமா நானும் அவரும் இதேதான் பேசிட்டிருந்தோம். அங்க உங்களால தனியா முடியுமா முடியாதான்னு. அம்மா வேற இல்ல. எனக்கு ராத்திரி தூக்கமே வராது. சரி, இங்கயே வச்சுக்குவோம்னு விசாப் பேப்பரெல்லாம் ரெடி பண்ணி, நாளைக்கு அனுப்புறதா இருந்துச்சு. அந்த பாத்ரூம் கைப்பிடி கூட அதுக்குத்தான் போட்டது. ஆனா எனக்கு ஒரே சங்கடம்ப்பா. பொண்ணு வீட்ல பாய் விரிக்கிற ஆளு நானில்லன்னு நீங்க சொல்லிச் சொல்லிக் கேட்டு வளந்தவ நான். உங்களக் கட்டாயப்படுத்தி இங்க உக்கார வச்சா எனக்காகப் பல்லைக் கடிச்சிட்டு இருப்பீங்க, உள்ளுக்குள்ள வெந்து போவீங்க. அதான் இன்னிக்கு உங்களக் கூட்டிட்டு நடந்து பாப்போம்னு வந்தேன். நீங்களே பெரிய சுத்தாக் கேட்டு வாங்கி, நிக்காம நடந்துட்டீங்க. என்னாலயே முடியல." அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, முகமெல்லாம் சிரிப்பு. "இப்பத்தான்ப்பா எனக்கு நிம்மதி. நல்லா திடமா இருக்கீங்க. நாளைக்கு அந்தப் பேப்பரை அனுப்பல. சந்தோஷமாப் போய்ட்டு வாங்க." வேண்டாம்மா என்று சொல்ல இடமே இல்லை. அவள் கேட்கவே இல்லையே, எதை வேண்டாம் என்பது. முட்டி வலிக்கிம்மா. பாத்ரூம்ல விழுந்துட்டேம்மா. ரெண்டே வரி. பஸ் ஸ்டாண்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கக் கத்திய வாய் அது, ரெண்டு வரியைச் சொல்லமாட்டேன் என்று நின்றது. "எனக்கென்ன" என்றார்.

சொல்லி முடித்த அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது, அரிசிச் சிப்பத்தை ஏன் தூக்கினார் என்று. தூக்கவில்லை அந்த மனுஷன். கேட்டார். மாப்ள, நான் ஒரு மூலையில் கிடந்துக்கறேன், பாரமா இருக்கமாட்டேன், வேலை செய்வேன், பாருங்க என்று வாயால் கேட்க வெட்கப்பட்டு இருபத்திரண்டு படியால் கேட்டார். அதற்கு அவன், இந்த சங்கரபாண்டியன், திடமா இருக்கீங்க மாமா என்றான். இவளுக்காவது அந்த வார்த்தை தெரியாமல் வந்தது. அவனுக்குத் தெரிந்தே இருந்தது, தெரியாதது மாதிரி முப்பது வருஷம் இருந்துகொண்டான், அவ்வளவுதான். கோமு காரின் பின்கதவைத் திறந்து பாட்டிலை எடுத்து மூடியைத் திருகி நீட்டினாள். வலது கையை நீட்டினார், கை உதறிற்று. ஆறரை கிலோமீட்டரும் அந்தக் கையில் இறங்கியிருந்தது. இடது கையையும் கொடுத்துச் சேர்த்துப் பிடித்தார், அப்படியும் தண்ணீர் தளும்பிச் சட்டையில் விழுந்தது. அன்றைக்கு மாமனாரின் டம்ளரில் தளும்பியதா என்று நினைத்துப் பார்த்தார். தளும்பியிருக்கும். யார் பார்த்தது.

"என்னப்பா, தீர்த்தம் வாங்குற மாதிரி ரெண்டு கையால வாங்குறீங்க" என்று மகள் சிரித்தாள். அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அவர் குடித்தார்.